வலியுறுத்தி எழுதுதலும் இடைச்சொல்லும்: உயர்தொடக்கநிலை இலக்கணக் கல்வி குறித்து ஒரு மதிப்பீடு

ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரையிலான உயர்தொடக்க நிலையில் இலக்கணமும் கட்டுரைப் பயிற்சியும் ஒரே பாடநூலுள் அமைந்தும் ஒன்றையொன்று அறியாதனவாகவே உள்ளன. தமிழ்நாட்டில் 2018இல் வெளிவந்த ஆறாம் வகுப்புப் பாடநூல் இலக்கணத்தைக் 'கற்கண்டு' என்னும் தலைப்பிலும், கடிதம், கட்டுரை முதலியவற்றை 'மொழியை ஆள்வோம்' என்னும் தலைப்பிலும் வைக்கிறது. முன்னதில் கற்றது பின்னதில் பயன்படும் இடம் அரிது. மாணவர் இலக்கணத்தை வகையும் தொகையுமாக மனனம் செய்கின்றனர். கட்டுரையை முன்னுரை, பொருளுரை, முடிவுரை என நிரப்புகின்றனர். தம் கருத்தைப் பிறர் ஏற்கும்படி நிறுவும் பயிற்சி இவ்விரண்டுக்கும் இடையே விடுபட்டுப் போகிறது.

இந்நிலையில் இலக்கணத்தையே குறைத்துவிடலாம் என்பாரும் உளர். இலக்கணத்தைத் தனித்துக் கற்பிப்பது எழுத்துத்திறனை வளர்ப்பதில்லை எனக் கூறிய, பிராடக் முதலியோரின் 1963ஆம் ஆண்டு அமெரிக்க அறிக்கை அவர்க்குத் துணை. அவ்வறிக்கை ஆங்கில வகுப்பறையை நோக்கியது. அன்றியும் அது ஐயுற்றது எழுத்திலிருந்து பிரித்துக் கற்பிக்கும் முறையையே. இலக்கண அறிவை அன்று.

தமிழில் வாதத்தின் உறுதியும் நெகிழ்வும் பெரும்பாலும் இடைச்சொற்களில் தங்கியுள்ளன. தொல்காப்பிய இடையியல் ஏகாரத்திற்கு ஐந்து பொருளும், ஓகாரத்திற்கு ஆறும், உம்மைக்கு எட்டும் கூறும். பள்ளி நூலகம் குறித்துத் தலைமையாசிரியருக்கு விண்ணப்பம் எழுதும் ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தியைக் கருதுக. 'மாலையிலும் திறக்க வேண்டும்' என அவள் எழுதின், எச்சவும்மை காலையில் திறப்பதை ஏற்றுக்கொண்டு மேலும் ஒன்று கேட்கிறது. 'மாலையிலேயே திறக்க வேண்டும்' எனின், பிரிநிலை ஏகாரம் காலையை விலக்கிவிடுகிறது. 'எல்லா மாணவரும் இதனை விரும்புகின்றனர்' என முற்றும்மை இட்டால், விரும்பாத ஒருவனைக் காட்டியே அவள் கூற்றை வீழ்த்திவிடலாம். 'மாணவர் பலரும்' என்பது அளவிற் குறைந்தது. ஆயினும் வீழ்த்தற்கு அரியது.

இன்னும் நுட்பமானது எதிர்மறையோடு வரும் முற்றும்மை. 'நூலகம் எல்லா நாளும் திறந்திருப்பதில்லை' என்னும் தொடர், சில நாள் திறந்திருக்கும் என்ற பொருளையும் தரும். முற்றும்மை ஒரோவழி எச்சமாதலை நன்னூல் தனி நூற்பாவால் உரைப்பது ஈண்டு நினையத்தக்கது. ஒருநாளும் திறப்பதில்லை என்பதே குறையாயின் அவள் 'எந்த நாளிலும்' என்று எழுதல் வேண்டும். ஆனால் மேற்குறித்த பாடநூல் வரிசை ஆறாம் வகுப்பில் இடைச்சொல்லை நால்வகைச் சொற்களுள் ஒன்றாக அறிமுகம் செய்து, அதன் பொருள்விரியை ஒன்பதாம் வகுப்புக்கு ஒதுக்குகிறது. குழந்தை பேச்சில் நாள்தோறும் ஆளும் உருபை எழுத்தில் உணர மூன்றாண்டு காத்திருக்க வேண்டும் என்பதற்குத் தக்க காரணம் புலப்படவில்லை.

வாத முறைக்கும் நாம் வெளியே தேட வேண்டுவதில்லை. நன்னூற் பொதுப்பாயிரத்தின் எழுவகை மதங்களுள் உடன்படல், மறுத்தல், பிறர் கருத்தை முதலில் ஏற்றுப் பின்னர்க் களைதல், தானே ஒன்றை நாட்டி நிறுவுதல் ஆகிய நான்கும் பன்னிரண்டு வயதினர்க்கு எட்டாதன அல்ல. 'விளையாட்டு நேரம் குறையும் என்பது உண்மையே, ஆயினும்...' எனத் தொடங்கும் சிறுவன் மூன்றாவது மதத்தைப் பெயரறியாது கையாளுகிறான். பட்டவகுப்பில் பாயிரம் நடத்தும் நாம் இதனை நூலாசிரியர்க்குரிய செய்தியாகவே சொல்லிக் கடந்துவிடுகிறோம்.

இப்பிரிவு மரபில் உள்ளதன்று. மாணவர்க்கென இலக்கணச் சுருக்கத்தை உரைநடையில் எழுதிய யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலரே 1854இல் சைவ தூஷண பரிகாரம் என்னும் கண்டன நூலையும் வெளியிட்டார். இலக்கண ஆசிரியரும் வாதியும் அவரிடத்து ஒருவரே. பள்ளிக்கல்வி அவர்தம் சுருக்கத்தை ஏற்றது. தருக்க உரைநடையை ஏற்கவில்லை. (கண்டனத்தின் கடுமை சிறாருக்கு ஆகாது என்பது வேறு, அதன் கட்டுக்கோப்பே ஈண்டுக் குறிக்கப்படுகிறது.) தமிழகத்திற்கு வெளியே தமிழைப் பாடமாக மட்டும் பயிலும் மாணவரிடம் இவ்விழப்பு மிகுதி. அவர்கள் தமிழில் ஒப்பிக்கின்றனர். வாதிடுவதற்கு ஆங்கிலத்திற்குச் செல்கின்றனர்.

வினாத்தாளில் இதற்கு ஒரு சிறு வழி உண்டு. 'எல்லா நாளும் திறந்திருப்பதில்லை' என்பதற்கு 'இலக்கணக் குறிப்புத் தருக' எனக் கேட்பதை விடுத்து, இதற்கு நூலகர் எவ்வாறு மறுமொழி கூறித் தப்பலாம், அவர் தப்பாதவாறு தொடரை மாற்றி எழுதுக எனக் கேட்கலாம்.