பைத்தானின் எலிமெண்ட்ட்ரீ: தமிழ்க் கேள்வி வங்கிக்குப் பொருந்துமா?

ஆசிரியர்களே, கேள்வி வங்கியை எக்ஸ்எம்எல் கோப்பாக வைத்திருப்பவர்களுக்கு அதன் வசதி தெரியும். ஆண்டு, இலக்கணப் பகுதி, விடை என்று டேக் போட்டு வைத்தால், வேண்டியதை மட்டும் நிரல் எடுத்துக் கொடுத்துவிடும். அந்த வேலைக்குப் பைத்தான் மொழியோடு சேர்ந்தே வரும் நூலகம்தான் எலிமெண்ட்ட்ரீ. ஃபிரெட்ரிக் லுண்ட் உருவாக்கிய இது, 2006இல் வெளிவந்த பைத்தான் 2.5 முதல் அம்மொழியின் அடிப்படை நூலகத்தில் இருக்கிறது.

முதலில் நிறையைச் சொல்லிவிடுவோம். பைத்தான் இருந்தால் போதும், வேறு எதையும் இறக்கிப் பதிய வேண்டாம். டேக் பெயரைக்கூடத் தமிழிலேயே வைக்கலாம். இதைப் பாருங்கள்:

<கேள்வி ஆண்டு="4">அம்மா <கோடு>சந்தையில்</கோடு> காய்கறி வாங்கினார்.</கேள்வி>

நான்காம் ஆண்டுக் கேள்விகள் மட்டும் வேண்டுமா? 'ஃபைண்ட்ஆல்' கட்டளைக்கு .//கேள்வி[@ஆண்டு='4'] என்று கொடுங்கள். அவ்வளவுதான், பட்டியல் வந்துவிடும்.

சிக்கல் அடுத்த படியில்தான். கேள்வியின் 'டெக்ஸ்ட்' என்ன என்று கேட்டால், "அம்மா" என்பதோடு நின்றுவிடும். கோடிட்ட சொல் உள்ளே இருக்கும் தனி உறுப்பு. "காய்கறி வாங்கினார்" என்பதோ அந்தக் 'கோடு' உறுப்பின் 'டெயில்', அதாவது வாலாகப் போய் ஒட்டிக்கொள்கிறது. பிழைச் செய்தி எதுவும் வராது. நூறு கேள்வி அச்சிட்டால், கோடிட்ட சொல் உள்ள கேள்விகள் மட்டும் அரைகுறையாக நிற்கும். வேற்றுமையைக் கண்டுபிடிக்க வேண்டிய மாணவனுக்கு அந்தச் சொல்லே கண்ணில் படாது!

இது தற்செயலாக நேர்ந்த குறை இல்லை. பெயர், எண், விலை போன்ற தரவுகளை எளிதாகக் கையாளவே இப்படி வடிவமைத்திருக்கிறார்கள். நம்முடையதோ வாக்கியம். அதனால் 'டெக்ஸ்ட்' வேண்டாம். 'இட்டர்டெக்ஸ்ட்' கொண்டு எல்லாத் துண்டுகளையும் கோத்து எடுங்கள். கோடு போட வேண்டிய இடத்தை மட்டும் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது குறை, திரும்பச் சேமிக்கும்போது. 'ரைட்' கட்டளையில் குறியாக்கம் எதுவும் சொல்லாவிட்டால் ஆஸ்கி என்றே எடுத்துக்கொள்ளும். 'த' என்ற எழுத்து &#2980; என்று மாறிவிடும். உரையில் மட்டும் தமிழ் இருந்தால் இயந்திரத்துக்கு நஷ்டம் ஒன்றுமில்லை, மறுபடி சரியாகவே படித்துக்கொள்ளும்; டேக் பெயரும் தமிழில் இருந்தால் அதுவும் இப்படி மாறி, கோப்பையே மறுபடி படிக்க முடியாமல் போகும். ஆனால் அதே கோப்பை நோட்பேடில் திறந்து ஓர் எழுத்துப்பிழையைத் திருத்த வரும் சக ஆசிரியர் என்ன செய்வார்? 'என்கோடிங்' யுடிஎஃப்-8 என்று ஒவ்வொரு முறையும் எழுதிவிடுங்கள். கோப்பில் எழுதி வைத்திருந்த கருத்துக்குறிப்புகளும், தனியாகச் சொல்லாவிட்டால், படிக்கும்போதே கழிந்துவிடும். அதனால் மூலக் கோப்பின் மேலேயே சேமிக்காதீர்கள்.

தேடலிலும் எல்லை உண்டு. எக்ஸ்பாத்தில் ஒரு பகுதியைத்தான் இது அறியும். 'இந்தச் சொல்லை உள்ளடக்கிய கேள்வி' என்று நேரடியாகக் கேட்க முடியாது. நாமே சுழற்சி போட்டுப் பார்க்கணும். அப்போதும் ஒன்று கவனிங்க: 'கொ' என்பதன் உயிர்க்குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், கொம்பும் காலுமாக இரண்டாகவும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்றுதான், கணினிக்கு வேறு வேறு. தேடும் முன் 'யூனிகோட்டேட்டா' நூலகத்தால் இரண்டையும் என்எஃப்சி வடிவத்துக்குக் கொண்டுவாருங்கள். அதுவும் பைத்தானோடு வருவதுதான். முழு எக்ஸ்பாத் 1.0 வேண்டுமென்றால் எல்எக்ஸ்எம்எல் இருக்கிறது, ஆனால் அதைத் தனியாகப் பதிய வேண்டும்.

முடிவாகச் சொன்னால், பள்ளி அளவிலான கேள்வி வங்கிக்கு எலிமெண்ட்ட்ரீ போதும். ஆனால் அதன் இயல்பு அமைப்புகளை அப்படியே நம்பிவிடக் கூடாது. யாரோ அனுப்பிய, மூலம் தெரியாத கோப்பை இதில் திறப்பதும் பாதுகாப்பில்லை. நிரல் பிழையின்றி ஓடியது என்பதாலேயே கேள்வித்தாள் சரியாகிவிடாது. அச்சுக்கு அனுப்பும் முன், கோடிட்ட சொல் உள்ள ஒரு கேள்வியையாவது கண்ணால் படித்துவிடுங்கள்.