பாட்டிலும் பலாமரமும்

சென்னை அடுக்குமாடி வீடுகளில் மணி பிளான்ட் இல்லாத சமையலறை ஜன்னல் குறைவு. ஹார்லிக்ஸ் பாட்டிலில் தண்ணீர், அதில் ஒரு கொடி, ஐந்தாறு இலை. இரண்டு வருடம் கழித்துப் போனாலும் இலைகள் உள்ளங்கை அளவைத் தாண்டியிருக்காது. கண்டியில் சித்தி வீட்டுப் பின்வளவில் பலாமரத்தைச் சுற்றி ஏறியிருந்த கொடியில் ஒவ்வொரு இலையும் முறத்தளவு இருந்தது. விளிம்புகள் பிளந்து விரல் விரலாகத் தொங்கின. என்ன செடி என்று கேட்டேன். "நீங்க அங்க போத்தல்ல வைக்கிறதுதான் இது" என்றார் சித்தி. எனக்கு நம்பவே நேரம் பிடித்தது.

இரண்டும் ஒரே செடி. ஆங்கிலத்தில் 'சிலோன் கிரீப்பர்' என்றும் ஒரு பெயர் உண்டு என்றாலும், இதன் பூர்வீகம் இலங்கை அல்ல. பசிபிக் பெருங்கடலில் தாகித்திக்கு அருகிலுள்ள மூரேயா தீவு. ஏறுவதற்குப் பிடிமானம் இல்லாதவரை இது குழந்தைப் பருவத்திலேயே நின்றுவிடும். ஈரமான மரப்பட்டையில் வேர் பற்றி மேலே போனால்தான் இலை அகலும். ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டித் தீர்ந்துவிடும் சென்னையில் அந்த ஈரம் நிலைப்பதில்லை. கண்டியில் அதற்குக் குறைவில்லை.

வெளிச்ச விஷயத்தில் நம் பக்கம் ஒரு தவறு நடக்கிறது. மணி பிளான்ட்டைத் தென்கிழக்கு மூலையில் வைத்தால் பணம் சேரும் என்பார்கள். அந்த மூலையில் ஷூ ஸ்டாண்டும் இருட்டும் மட்டுமே இருந்தாலும் செடி அங்கேதான் போகும். குறைந்த வெளிச்சத்தில் இது சாகாது, உண்மைதான். ஆனால் இலையின் மஞ்சள் தீற்றல்கள் மங்கி முழுப் பச்சையாகும், கணுவுக்குக் கணு இடைவெளி நீளும், புது இலை பழையதைவிடச் சிறுக்கும். இவற்றைப் பார்த்ததும் தண்ணீர் குறைந்துவிட்டது என்று நினைத்து மேலும் ஊற்றுகிறோம். மங்கிய இடத்தில் மண் காய நாளாகும். வேர் அழுகுவது அப்படித்தான். விரலை ஓர் அங்குலம் மண்ணுக்குள் விட்டு, காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றினால் போதும். பகலில் விளக்குப் போடாமல் செய்தித்தாள் படிக்க முடிகிற இடம் இதற்குச் சரியான இடம்.

சித்தி வீட்டில் திசைப் பேச்சே எழவில்லை. நாம் தொட்டி என்பதை அவர் சாடி என்கிறார். விறாந்தையில் வரிசையாக நிற்கும் சாடிகளுக்குக் கூரை நிழலும் பக்கவாட்டு வெளிச்சமும் தாமாகவே கிடைத்துவிடுகின்றன. மண்ணோடு தென்னந்தும்பு கலந்திருப்பதால் ஈரமும் காற்றும் சேர்ந்தே நிற்கின்றன. வரவேற்பறைக்கு அழகாக இருந்த போத்தல் கொடிகளை மட்டும் அவர் எடுத்துவிட்டார். காரணம் நுளம்பு, அதாவது நம் கொசு. 2017இல் இலங்கையில் 1,86,000 பேருக்கு மேல் டெங்கு கண்டது. நுளம்பு பெருக இடம்கொடுப்பதைக் குற்றமாக்கும் சட்டம் 2007 முதல் இருக்கிறது. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்தால் பூச்சாடித் தட்டைக்கூடத் தூக்கிப் பார்ப்பாராம். சென்னையிலும் மாநகராட்சிக் கொசு ஒழிப்புப் பணியாளர்கள் வீடு வீடாக வருகிறார்கள். நாமோ பாட்டிலில் தண்ணீர் குறையும்போது மேலே ஊற்றி நிரப்புவதோடு சரி. வாரம் ஒரு முறை முழுத் தண்ணீரையும் கொட்டி, உட்சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும். டெங்குக் கொசுவின் முட்டை தண்ணீரில் மிதப்பதில்லை, சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும்.

மறுநாள் உடவத்தகெலேக்குப் போனோம். தலதா மாளிகைக்குப் பின்னால், நகரின் நடுவே சுமார் 100 ஹெக்டேர் காடு. அதில் 20 ஹெக்டேருக்கு மேல் மணி பிளான்ட் மூடிக் கிடக்கிறது. தரையிலும் அதுதான், அடிமரங்களிலும் அதுதான். மற்ற விதைகள் முளைத்தெழ அங்கே வெளிச்சம் இல்லை. எனக்கு நெஞ்சு கனத்தது. ஏனென்றால் இந்தச் செடி அநேகமாகப் பூப்பதே இல்லை. பூக்கத் தூண்டும் ஹார்மோனை உண்டாக்கும் மரபணு இதில் வேலை செய்வதில்லை என்று 2016இல் ஓர் ஆய்வு கண்டுபிடித்தது. பூ இல்லை, அதனால் விதையும் இல்லை. பறவையோ காற்றோ பரப்பியிருக்க வழியில்லை. யாரோ நட்ட கொடியும், வெட்டி எறிந்த துண்டுகளும்தான் கணுவுக்குக் கணு வேர்விட்டு இவ்வளவு தூரம் படர்ந்திருக்க வேண்டும்.

'கவனிப்பே வேண்டாத செடி' என்று இரண்டு ஊர்களிலும் சொல்கிறோம். சென்னையில் அதற்கு, மறந்தாலும் பிழைத்துக்கொள்ளும் என்று பொருள். யாருக்கும் தெரியாமல் கிள்ளி வந்த கொடிக்குத்தான் ராசி என்று நம்மூரில் ஒரு துண்டைப் பொத்திப் பொத்தி வளர்ப்பார்கள். கண்டியில் மறந்தால் அது வேலி தாண்டிவிடும். மழை மிகுந்த மேற்குத் தொடர்ச்சி மலைப்பக்கம் வீடுள்ளவர்களும் கண்டிக்காரர்களைப் போலத்தான் இதை நடத்த வேண்டும் என்பது என் எண்ணம்.

ஊர் திரும்பியதும் பாட்டில் கொடியைத் தொட்டிக்கு மாற்றி, ஒரு பிவிசி குழாயில் தேங்காய் நார்க்கயிற்றை நெருக்கமாகச் சுற்றி நட்டேன். வாரம் இரண்டு முறை கயிற்றை நனைக்கிறேன். எட்டு மாதத்தில் மேல் இலை பழையதைப்போல் இரு மடங்கு. சித்தி இப்போதும் பலாமரத்துக் கொடியை மாதம் ஒருமுறை வெட்டுகிறார். வெட்டிய துண்டுகளைக் குப்பைக்குழியில் போடுவதில்லை. கொல்லைப்புறத் தகரத்தின் மேல் பரப்பி, கையால் நொறுக்கினால் பொடியாகிற வரை வெயிலில் காயவிடுகிறார்.