ஐப்பசி முதல் ஐப்பசி வரை: மேடையும் வர்த்தமானியும்

மலையகத்தின் ஓராண்டைத் திறனாய்வுக்கு எடுக்கும்போது ஜனவரியில் தொடங்குவதில் பொருளில்லை. 2023 நவம்பர் 2ஆம் திகதி கொழும்பு சுகததாச உள்ளக அரங்கில் மலையக மக்களின் இருநூறு ஆண்டை நினைவுகூரும் 'நாம் 200' விழா நடந்தது. 2024 நவம்பர் 14ஆம் திகதி பொதுத் தேர்தல் நடந்தது. இரண்டும் ஐப்பசியில். இந்த இடைவெளிக்குள் சட்டமும் கேளிக்கையும் பொதுவாழ்வும் ஒன்றின் உடையை மற்றொன்று இரவல் வாங்கி அணிந்துகொண்டன. விழாவில் அரசியல் பேசப்பட்டது; அரசியல் விழாவாக நடத்தப்பட்டது; சட்டமோ மேடையில் முழங்கி நீதிமன்றத்தில் வாயடைத்தது. மூன்றையும் ஒரே பிரதியாக வாசிக்க இதைவிட வேறு காரணம் வேண்டியதில்லை.

அளவுகோலை முதலிலேயே சொல்லிவிடுவது நேர்மை. ஒரு நிகழ்வு தான் உரிமை கோரும் பொருளைத் தாங்கக்கூடிய உருவத்தைப் பெற்றிருக்கிறதா, யாரைப் பற்றியதோ அவர்களுக்கு அதன் ஆக்கத்தில் இடமிருந்ததா, கூட்டம் கலைந்த பிறகு எது மிஞ்சியது: இவற்றையே பார்க்கிறேன். நோக்கத்தின் தூய்மையைக் கணக்கில் சேர்க்கவில்லை. தூய நோக்கத்தோடு எழுதப்பட்ட மோசமான நாவல்களை நாம் போதிய அளவு வாசித்துவிட்டோம்.

விழா என்ற வகையில் 'நாம் 200' தேர்ச்சியுடன் அமைந்தது. ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்கவும் இந்திய நிதியமைச்சர் நிர்மலா சீதாராமனும் ஒரே மேடையில் இருந்தார்கள். இதன் வரலாற்றுப் பெறுமதியைக் குறைத்து மதிப்பிடக்கூடாது. 1964இல் இவ்விரு அரசுகளும் கூடியபோது 5,25,000 பேர் அங்கே, 3,00,000 பேர் இங்கே என்று தலைக்கணக்குப் பார்த்துப் பங்கு பிரித்தன; பிரிக்கப்பட்டவர்களை யாரும் கேட்கவில்லை. 2023இல் அதே அரசுகள் இம்மக்களின் உழைப்பைப் பாராட்டிப் பேசின. பேச்சுத்தான் என்றாலும் அரசின் பேச்சு பதிவாகும். பிறகு எடுத்துக்காட்டிக் கேள்வி கேட்க உதவும்.

குறை அதன் கட்டமைப்பில் இருந்தது. தோட்டத்து மக்களின் இருநூறு ஆண்டு, தோட்டங்களிலிருந்து நெடுந்தூரத்தில், கூரையிட்ட அரங்கில், விருந்தினர் வசதிக்கேற்ப நினைவுகூரப்பட்டது. உழைத்தவர்கள் பார்வையாளர்களாக வந்தார்கள்; எடுத்துரைத்தவர்கள் வேறு பேர். அதே ஆண்டு ஜூலை 28இல் தலைமன்னாரில் தொடங்கி ஆகஸ்ட் 12இல் மாத்தளையை அடைந்த நடைபயணத்தை இதனருகே வைத்துப் பார்த்தால் வேறுபாடு தெளிவாகும். நம் ஆண்டெல்லைக்கு அது சற்று வெளியே நிற்கிறது என்பது தெரியும். அளவுகோலாக மட்டும் எடுத்துக்கொள்கிறேன். முன்னோர் நடந்து மடிந்த அந்தத் தடத்தில் வழிநெடுக ஊர்கள் சேர்ந்துகொள்ள, பொருளும் உருவமும் ஒன்றாயின. அதற்குத் தலைமை விருந்தினர் தேவைப்படவில்லை. விழா தன்னளவில் வெற்றி. நினைவுகூரலாக இரண்டாம் தரம். மேடையேறிய இந்தியாவின் பழைய வாக்குறுதியும் ஒன்று உண்டு: 2017 மே மாதம் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி வாக்களித்த 10,000 வீடுகளில் முதற்கட்டமான 1,300க்கு 2024 பெப்ரவரியில்தான் அடிக்கல் விழுந்தது. வாக்குறுதிக்கும் கல்லுக்கும் இடையே ஏறத்தாழ ஏழாண்டு. இந்தத் தாமதத்தையும் விழாவின் வரவு செலவில் எழுதவேண்டும்.

கேளிக்கைப் பக்கம் திரும்பினால், அந்த ஆண்டின் மிகப் பரவலான மலையகப் 'பிரதி' ஒரு தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டி. ஜீ தமிழின் சரிகமப சிறுவர் மேடையில் யாழ்ப்பாணத்துச் சிறுமி ஒருத்தி 2023 டிசம்பரில் பட்டம் வென்றாள். அதே மேடையில் புசல்லாவைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து போன இன்னொரு சிறுமியும் பாடினாள். லயத்துக் காம்பராக்களில் எத்தனை இரவுகள் அந்த நிகழ்ச்சிக்காகவே விழித்திருந்தன என்பதை மலைநாட்டில் இருந்தவர்கள் அறிவார்கள். நிறைவு ஐயத்துக்கு இடமற்றது: தேர்ந்த குரலுக்குத் தோட்டத்து விலாசம் தடையில்லை என்பதைப் பிரசங்கமின்றி நிறுவியது. குறை தயாரிப்பு முறையில். பாட்டுக்கு முன்பே வறுமை பாடத் தொடங்கிவிடும். வாழ்க்கைக் குறிப்பு, கண்ணீர், நடுவர்களின் கண்ணீர், அதன் பிறகே சுருதி. பயிற்சி, மூச்சு, பாவம் பற்றி நடுவர்கள் சொல்லியிருக்கக்கூடிய நுட்பமான சொற்கள் இரக்கத்தில் கரைந்தன. இரக்கம் மதிப்பீட்டுக்கு மாற்றாகாது. வளரும் ஒரு பாடகிக்கு அது செய்யக்கூடிய தீங்கு, கடுமையான விமர்சனம் செய்வதைவிட அதிகம்.

இன்னொன்றையும் இடையில் சொல்லவேண்டும். மலையகத் தமிழர் என்று ஒரு மக்கள் இருப்பதைத் தமிழ்நாட்டு வரவேற்பறைகள் அன்றுதான் அறிந்துகொண்டது போன்ற வியப்பு அந்நிகழ்ச்சியில் தொனித்தது. இதே மக்களின் உறவினர்கள், மேலே சொன்ன 1964ஆம் ஆண்டுப் பங்கு பிரிப்பான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி கப்பலேறிப் போய் நீலகிரியிலும் கூடலூரிலும் அரசின் டேன்டீ தோட்டங்களில் அரை நூற்றாண்டாகக் கொழுந்து எடுக்கிறார்கள். வியந்தவர்கள் வீட்டு வாசலிலேயே இருந்தவர்களைப் பார்க்கவில்லை.

2024 ஜனவரியில் திருகோணமலை சம்பூரில் ஜல்லிக்கட்டு நடந்தது. ஏற்பாட்டின் பின்னே நின்றவர் அன்றைய கிழக்கு மாகாண ஆளுநரும் இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸின் தலைவருமான செந்தில் தொண்டமான். ஒழுங்கமைப்பு நேர்த்தி, கூட்டம் பெரிது. ஆனால் சம்பூருக்கும் சரி, கொட்டகலைக்கும் சரி, அது பழகிய வழக்கமில்லை. தோட்டங்களுக்கு என்று காமன் கூத்தும் பொன்னர் சங்கரும் அருச்சுனன் தபசும் இருக்கின்றன. ஆடுபவனும் பார்ப்பவனும் ஒரே லயத்து ஆட்களாக இருக்கும் கலைகள். ஒரு தொழிற்சங்கத் தலைவரின் செல்வாக்கு இறக்குமதிப் பண்பாட்டுக்குக் கிடைத்த அளவில் நூறில் ஒன்று இவற்றுக்குக் கிடைத்திருந்தால் வேறு கதை. இதற்கு மேல் இந்நிகழ்வில் ஆராய ஒன்றுமில்லை.

ஆண்டின் மையப் பிரதி சம்பளம். அதற்கு விரிவான வாசிப்பு தேவை.

முன்கதை சுருக்கமாக: ஆயிரம் ரூபாய் என்ற எண் 2015 முதல் தேர்தல் மேடைகளில் ஒலித்து, 2021 மார்ச்சில் சம்பள நிர்ணய சபை வழியாக 900 அடிப்படை, 100 கொடுப்பனவு என்று சட்டமானது. பெருந்தோட்டக் கம்பனிகள் கூட்டு ஒப்பந்தத்திலிருந்து விலகின. 2022இல் பொருளாதாரம் விழுந்தது. அந்தச் செப்டம்பரில் பணவீக்கம் 70 சதவீதத்தை ஒட்டி நின்றது. ஆறு ஆண்டு காத்துப் பெற்ற ஆயிரம், மாவும் அரிசியும் வாங்கும் இடத்தில் பாதியாகச் சுருங்கியது.

2024 மே தினம். கொட்டகலையில் காங்கிரஸின் மேடை. நாட்சம்பளம் 1,700 ரூபாய் என்று ஜனாதிபதி அறிவிக்கிறார். முந்தைய நாள் திகதியிட்ட வர்த்தமானி கையில் இருக்கிறது. அரங்க உத்தியாக இதற்கு ஈடு சொல்வது கடினம். இடம், நாள், எண், ஆவணம் நான்கும் பொருந்திவந்தன. கோரிக்கையிலும் தவறில்லை, பணவீக்கத்தை வைத்துப் பார்த்தால் 1,700 பேராசைக் கணக்கு என்று எவரும் சொல்லமுடியாது. தொழிற்சங்கம் இந்த எண்ணை அரசின் வாயிலிருந்தே வரவைத்தது அதன் சாதனை என்பதையும் மறுக்கவில்லை.

ஆனால் பிரதியை நிதானமாக வாசித்தால் எண் ஒன்றாகவும் உள்ளடக்கம் இரண்டாகவும் இருப்பது தெரியும்: 1,350 அடிப்படை, 350 விசேட கொடுப்பனவு. மேடை கூட்டிச் சொன்னது. வர்த்தமானி பிரித்து எழுதியது. அடுத்து முறைமை. 1941ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டம் தொழில்தருநரையும் தொழிலாளரையும் ஒரே மேசையில் உட்காரவைத்து எண்ணைக் காணும் பொறிமுறை. மெதுவானது, சலிப்பூட்டுவது, ஆனால் வழக்குக்குத் தாங்கும். எண்ணை முதலில் முழங்கிவிட்டு மேசையைப் பிறகு ஒப்புக்குப் போட்டால் அந்தத் தாங்கும் சக்தி போய்விடும். நடந்தது அதுதான். பெருந்தோட்டக் கம்பனிகள் வழக்காடின. ஜூலை 4ஆம் திகதி உயர் நீதிமன்றம் வர்த்தமானிக்கு இடைக்காலத் தடை விதித்தது.

தடை உத்தரவைச் சம்பளத்துக்கு எதிரான தீர்ப்பாகத் திரித்தவர்கள் உண்டு. இடைக்கால உத்தரவு சம்பளத்தின் நியாயத்தைப் பற்றிய முடிவு ஆகாது. ஆட்சேபத்தின் கூர்மை நடைமுறை மேல் இருந்தது. நடைமுறையில் ஓட்டை வைத்தவர்கள் வழக்காடியவர்கள் இல்லை. கம்பனிகளின் தரப்பையும் இதே தராசில் வைக்கவேண்டும். தங்களை முறையாகக் கேட்கவேண்டும் என்ற வாதம் சட்டப்படி வலுவானது. உற்பத்தித்திறனோடு சம்பளத்தை இணைக்கும் யோசனையும் ஆராயத்தக்கதே. ஆயினும் கேட்டுப் பேசுவதற்கென்றே இருந்த கூட்டு ஒப்பந்த மேசையை 2021இல் விட்டு எழுந்தவர்களும் அவர்களே. கேட்கவில்லை என்ற முறைப்பாடு அவர்கள் வாயில் பாதி வலுவை இழக்கிறது.

ஜூலையிலிருந்து ஆகஸ்ட் வரை மலையெங்கும் நடந்த விவாதம் மாசி மாதக் காமன் லாவணியை ஒத்திருந்தது: எரிந்த கட்சி, எரியாத கட்சி. 1,700 இருக்கிறது என்றது ஒரு தரப்பு. இல்லை என்றது மறு தரப்பு. லாவணிக்காரர்களிடம் இருக்கும் தருக்க ஒழுங்கு மட்டும் இவர்களிடம் இல்லை. வர்த்தமானிக்குப் பொறுப்பான தொழில் அமைச்சர் மனுஷ நாணயக்கார, தம் கட்சி நீக்கத்தை எதிர்த்துத் தொடுத்த வழக்கில் தோற்று ஆகஸ்ட் 9ஆம் திகதி பாராளுமன்ற ஆசனத்தையே இழந்தார். அதற்கும் சம்பளத்துக்கும் தொடர்பில்லை. நாடகாசிரியன் எழுதியிருந்தால் மிகை என்று அடித்திருப்பேன்.

சில நாட்களில் சம்பள நிர்ணய சபை கூடி 1,350க்கு இணங்கியது. செப்டம்பரில், ஜனாதிபதித் தேர்தலுக்குச் சற்று முன், அது வர்த்தமானியாயிற்று. எஞ்சிய 350 உற்பத்தி ஊக்கத்தொகை என்ற பேச்சாகத் தங்கியது. வேறுபாடு பெரிது: நாட்சம்பளம் வேலைநாளாகப் பதியும் பேரோடு வரும், ஊக்கத்தொகை தராசுத் தட்டில் கொழுந்தின் எடையோடு வரும். மழையில், வயதான செடியில், புல் மண்டிய மலையில் நிற்பவளுக்கு இரண்டாவது கைக்கு எட்டாத காசு. எடை குறைந்தால் பாதி நாளாகப் பதியும் அரைப்பேர் வழக்கத்தை அறிந்தவர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை. ஆனாலும் இந்த வர்த்தமானி நின்றது. மேளமில்லாமல் வந்தது, தடைப்படாமல் நடைமுறைக்கு வந்தது. உருவத்தை மதிப்பிடும் விமர்சகன் மே மாதத்து 1,700ஐவிடச் செப்டம்பரின் 1,350ஐ உயர்ந்த படைப்பாகவே கொள்ளவேண்டும். வயிற்றை வைத்து மதிப்பிடுபவர் வேறு விதமாகச் சொல்வார். அவரோடு எனக்குச் சண்டையில்லை.

தேர்தல்கள் இரண்டு. செப்டம்பர் 21இல் காங்கிரஸ் ரணிலை ஆதரித்தது, தமிழ் முற்போக்குக் கூட்டணி சஜித் பிரேமதாசவை ஆதரித்தது. நுவரெலியா மாவட்டத்தில் சஜித் முதலாவது, ரணில் இரண்டாவது, நாட்டை வென்ற அநுர குமார திசாநாயக்க மூன்றாவது. முன்னாள் பாராளுமன்ற உறுப்பினரும் எழுத்தாளருமான மயில்வாகனம் திலகராஜ் மலையகத்தின் பெயரில் தாமே வேட்பாளராக நின்றார். வாக்குக் கணக்கில் அது எடுபடவில்லை. ஆனால் மலையகத்தின் கோரிக்கைகளை இன்னொருவரின் விஞ்ஞாபனத்துப் பின்னிணைப்பாக ஆக்காமல் தனி உரையாக முன்வைத்த ஒரே முயற்சி அது. சிறுபத்திரிகையின் தரமும் சிறுபத்திரிகையின் விற்பனையும் அதற்கு இருந்தன.

எட்டே வாரத்தில் காட்சி புரண்டது. நவம்பர் 14இல் நுவரெலியாவின் எட்டு ஆசனங்களில் தேசிய மக்கள் சக்திக்கு ஐந்து, ஐக்கிய மக்கள் சக்திக்கு இரண்டு, யானைச் சின்னத்தில் நின்ற ஜீவன் தொண்டமானுக்கு ஒன்று. நுவரெலியாவிலிருந்து கிருஷ்ணன் கலைச்செல்வியும் பதுளையிலிருந்து அம்பிகா சாமுவேலும் தெரிவானார்கள். மலைகளின் உழைப்பில் பெரும்பகுதி பெண்களுடையது. சங்கத்துக்குச் சந்தா கட்டுபவர்களிலும் அவர்களே அதிகம். அவர்களிலிருந்து பாராளுமன்றத்துக்கு ஒருத்தி போக இத்தனை காலம் எடுத்ததை எந்தச் சங்கமாவது தன் வரலாற்று நூலில் விளக்கட்டும்.

இதை மலையகத்தின் விழிப்பு என்று கொண்டாடியவர்கள் வாசிப்பில் அவசரப்பட்டார்கள். 225இல் 159 ஆசனம் என்ற நாடளாவிய அலையின் ஒரு பகுதி இது. நுவரெலியா மாவட்டத்தின் வாக்காளர் எல்லோரும் தோட்டத்தாரும் அல்லர். பழைய தலைமைகள் முற்றாகத் துடைக்கப்படவுமில்லை: பழனி திகாம்பரமும் வே. இராதாகிருஷ்ணனும் திரும்பி வந்தார்கள். தேசிய மக்கள் சக்தி 2023 ஒக்டோபரிலேயே ஹட்டன் பிரகடனத்தை வெளியிட்டு, காணி, வீடு, அடையாளம் பற்றி எழுத்தில் உறுதி கொடுத்திருந்தது என்பதே அதன் பக்கம் நிற்கும் உண்மையான புள்ளி. மேடை முழக்கத்தைவிட எழுத்து எளிதில் மாட்டிவிடும். அதனால்தான் அதற்கு மதிப்பு.

ஆகவே என் தீர்ப்பு: இந்த ஆண்டில் ஓங்கி ஒலித்தவை அனைத்தும் உருவத்தில் பழுதுபட்டவை, பழுதின்றி நின்றவை இரண்டு, சபை மேசையில் பிறந்த 1,350உம் வாக்களிப்புத் தடுப்பறையில் மௌனமாக இடப்பட்ட புள்ளடியும். இரண்டுமே முழுச் சாதனை ஆகா. முதலாவது தேவையை எட்டவில்லை. இரண்டாவதின் பொருளை வாக்களித்தவர்களே இன்னும் எழுதி முடிக்கவில்லை. கலைப் பரப்பில் ஒரு குரல் மட்டும் தன் தயாரிப்பாளர்களைவிட உயரத்தில் நின்றது. ஆண்டு முழுமையையும் ஒரு படைப்பாகக் கொண்டால் கோவையற்றது, நடுப்பகுதி நீண்டது, முடிவு திறந்தது. ஆனால் மீள்வாசிப்புக்கு உரியது.

புதிய ஆசிரியர்களான தேசிய மக்கள் சக்தி அரசின் முதல் பக்கத்திலும் பழைய எண்ணே வந்தது. 2025 பெப்ரவரி வரவு செலவுத் திட்ட உரையில் 1,700 மறுபடி உச்சரிக்கப்பட்டது. அவ்வாண்டு முடியும்வரை தோட்டங்களில் நாட்சம்பளம் 1,350 ஆகவே இருந்தது. நவம்பரில் அதை 1,550 ஆக்கி, மேலும் 200 ரூபாயை வரவுக் கொடுப்பனவாக அரசே தருவதாக அடுத்த வரவு செலவுத் திட்டம் அறிவித்தது. தனியார் கம்பனியின் கூலியில் ஒரு பங்கைத் திறைசேரி சுமப்பது எந்த முறைமையின் கீழ், எத்தனை ஆண்டுக்கு என்ற கேள்விக்கு அந்த உரையில் பதில் தேடிப் பார்க்கவேண்டும்.