தடையும் தழுவலும்

மக்கள் தமக்குள் வகுத்துக்கொண்ட பண ஏற்பாட்டை அரசு தடுப்பதா, தழுவுவதா? இக்கேள்வி கிரிப்டோ நாணயத்தோடு பிறந்ததன்று. புக்கிட் செலம்பாவ் வட்டாரத் தோட்டப்புற மக்கள் சீட்டின் வழியே அதனை முன்பே எதிர்கொண்டவர்கள்.

வங்கி வாயிலை மிதிக்கத் தயங்கிய பால்மரத் தொழிலாளிக்குச் சீட்டே வங்கியாக விளங்கியது. சம்பள நாளில் அனைவரும் பணம் போட, ஏலத்திலோ குலுக்கலிலோ ஒருவர் மொத்தத் தொகையையும் எடுப்பார். மகளின் திருமணமும் மகனின் படிப்பும் அதனால் நிறைவேறின. சீட்டு நடத்தியவர் தலைமறைவானால் பல குடும்பங்கள் கலங்கி நின்றதும் உண்மையே.

1971இல் மலேசியாவில் கூட்டு நிதித் தடைச் சட்டம் வந்தது. 'கூட்டு', 'சீட்டு' என்னும் நம் சொற்கள் அச்சட்டத்தினுள் விலக்கப்பட்டவையாக இடம்பெற்றன. சீட்டு நடத்துவதைத் தொழிலாகக் கொள்வது குற்றமாயிற்று. ஆயினும் சீட்டு ஒழிந்துவிடவில்லை, ஓசையின்றித் தொடர்ந்தது. ஏமாந்தவர் முறையிடத் தயங்கியதே கண்ட மிச்சம்.

கேரளம் வேறு வழி கண்டது. அங்கு 1969இல் தோன்றிய மாநில அரசு நிதி நிறுவனம் தானே சீட்டு நடத்தலாயிற்று. இந்தியாவின் 1982ஆம் ஆண்டுச் சீட்டு நிதிச் சட்டமோ, நடத்துவோர் பதிவு செய்துகொண்டு பிணையும் கட்ட வேண்டுமென விதித்தது.

கிரிப்டோ நாணயத்தில் மலேசியா தழுவலையே தேர்ந்தது. 2019 ஜனவரி 15 முதல் அதனைப் பங்குப் பத்திரச் சட்டத்தின்கீழ்க் கொணர்ந்து, பதிவு பெற்ற சந்தைகளில் விற்க வாங்க இடமளித்தது. ரிங்கிட்டைப் போலச் சட்டபூர்வப் பணமாக அதனை ஏற்கவில்லை. இந்நிலை போற்றத்தக்கதே.

எனினும் தழுவல்கள் யாவும் ஒரு தன்மையன அல்ல. திருதராட்டிரன் தழுவலும் உண்டு. சீனா 2021இல் கிரிப்டோ வணிகத்தைச் சட்டவிரோதமென அறிவித்துவிட்டு, தனது மின்னியல் யுவானை வளர்த்தது. இந்தியா 2022இல் கிரிப்டோ ஆதாயத்துக்கு 30 விழுக்காடு வரி விதித்தது. நட்டத்தைப் பிற வருமானத்தில் கழிக்க இடந்தரவில்லை. முன்னது கருவியை மட்டும் கைக்கொண்டது. பின்னது காப்பதற்கு முன்னரே வரி கொண்டது.

மலேசியாவின் நிலையிலும் ஒரு முரண் உண்டு. முகமறியாதார் உருவாக்கிய நாணயத்துக்குச் சட்டத்தின் காவல் கிடைத்தது. ஒருவரையொருவர் முகமறிந்து தோட்டத்துப் பெண்கள் கட்டிய சீட்டுக்கோ, 1971இன் தடையே இன்றும் நிற்கிறது. கைப்பேசி நாணயத்துக்குத் திறந்த கதவு ஏழையின் சீட்டுக்கும் திறக்க வேண்டும். பதிவும் பிணையும் இரண்டுக்கும் பொருந்துவனவே. அரசின் தழுவல் அறமுடையதா என்பதை, பணமிழந்த எளியவன் தட்டுவதற்கு ஒரு கதவு உண்டா என்பதைக்கொண்டே அளத்தல் வேண்டும்.