உரிப்பொருள் இழந்த விளையாட்டு

பொருளை முதல், கரு, உரி என மூன்றாகப் பகுத்த தொல்காப்பியர், அவை ஒன்றினொன்று சிறந்து நிற்கும் முறையையும் சுட்டினார். நிலமும் பொழுதும் முதற்பொருள். அவற்றில் வாழ்வனவும் விளைவனவும் கருப்பொருள். மாந்தர் உள்ளத்து ஒழுக்கமே உரிப்பொருள். முன்னைய இரண்டும் எத்துணைச் செம்மையாக அமையினும், உரிப்பொருள் இல்வழி அவை உயிரற்றனவாம். செய்யுளுக்கு வகுத்த இவ்வளவுகோல் இக்காலக் கணினி விளையாட்டுக்கும் பொருந்துமா என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

திரைப்படத்தைத் தழுவி விளையாட்டு இயற்றும் வழக்கம் நம் அயலிலும் உண்டு. 2008 இல் இந்திக் 'கஜினி'யைத் தழுவி ஐதராபாத்து நிறுவனமொன்று விளையாட்டொன்றை ஆக்கியது. ஆயின், காட்சிச் சிறப்பின் உச்சத்தைக் காண விழைவோர் நோக்கத்தக்கது, 2015 நவம்பர் 17 இல் வெளிவந்த 'ஸ்டார் வோர்ஸ் பாட்டில்பிரண்ட்' ஆகும். இதனை ஆக்கியது சுவீடனிலுள்ள டைஸ் நிறுவனம். வெளியிட்டது எலெக்ட்ரோனிக் ஆர்ட்ஸ்.

இதன் முதலும் கருவும் குறை கூறற்கரியன. பழைய படங்களிற் பயன்பட்ட உடைகளையும் மாதிரி ஊர்திகளையும் பல கோணங்களிற் படம்பிடித்து, அப்படங்களைக்கொண்டே கணினியில் உருவங்களைச் சமைத்தனர். ஐஸ்லாந்தின் பாறைகளும் கலிபோர்னியாவின் நெடுமரக் காடுகளும் அவ்வாறே களங்களாயின. ஹொத் என்னும் பனிவெளியில் நாற்கால் இயந்திரங்கள் நடந்து வருங்கால், திரையரங்கில் இருப்பதாகவே நாம் மயங்குகின்றோம்.

உரிப்பொருள் யாது? 1980 இல் வெளிவந்த படத்தில், பகைவனே தன் தந்தையென அறிந்து லூக் துடிக்கின்றான். 1983 இல் வெளிவந்த படத்தில், அத்தந்தையைக் கொல்ல மறுத்து வாளை எறிகின்றான். கதையின் உயிர்நிலை இதுவே. விளையாட்டிலோ, களத்திற் கிடக்கும் அடையாளமொன்றைத் தொட்டவன் லூக் ஆகின்றான். எதிரணியில் வேறொருவன் டார்த் வேடர் ஆகின்றான். தந்தையும் மகனும் ஓயாது பொருதுகின்றனர். ஏனென்று கேட்பார் இல்லை. தனித்து ஆடுவோர்க்குக் கதைப்பகுதியே இல்லை. 2015 டிசம்பரில் வெளிவந்த புதிய படத்தை ஒட்டி விற்கவேண்டியே அப்பகுதி விடப்பட்டதென, நிறுவனத்தின் உயரதிகாரி ஒருவரே 2016 இல் ஒப்புக்கொண்டார். 2017 இல் வந்த இரண்டாம் பாகம் கதையைச் சேர்த்துக்கொண்டமையும் நோக்கற்பாலது.

விளையாட்டுக்குக் கதை எதற்கென வினவுவோர் உளர். வினா நேரியதே. சதுரங்கத்துக்குக் கதையில்லை; நம் முற்றங்களில் ஆடிய நாயும் புலியும் ஆட்டத்துக்கும் இல்லை. ஆயின், ஒவ்வொரு காய் நகர்த்தலும் ஆடுவோன் சிந்தையைச் சோதிப்பதால் அவை ஆழமுடையன. ஈண்டோ சுடுதல், வீழ்தல், எழுதல், மீண்டும் சுடுதல் என்பதே நிகழ்ச்சி. சின்னாளிற் கண் பழகிவிடும். பழகியபின் கருத்துக்கு எஞ்சுவது சிறிதே.

சென்ற விடுமுறையில், ஆனையிறவை அடுத்து வாழும் என் மாணவனொருவன் தன் தமையனின் கணினியில் இதனை ஆடக் கண்டேன். பனிவெளியில் வீழ்ந்தான், சில நொடியில் எழுந்தான். "செத்தால் என்ன சேர், உடனே திரும்பி வரலாம்" என்றான். யன்னலுக்கு அப்பால் உப்புவெளி அப்பனியைப் போலவே வெளுத்துக் கிடந்தது. 1991, 2000, 2009 ஆகிய ஆண்டுகளிற் போர் மூண்ட மண் அது. அடுத்த அறையில் அவன் பாட்டியார் தம் மூத்த மகனின் படத்துக்கு விளக்கேற்றிக்கொண்டிருந்தார்.

மாணவனைக் குறைகூறேன், விளையாட்டைத் தடைசெய்க என்றும் கூறேன். போரைப் பொருளாகக் கொண்ட கலை, இழப்பை நீக்கிவிட்டுப் போரைக் காட்டுமாயின் அது கண்ணையே நிறைக்கும் என்பதே என் துணிபு. கணினிக் கல்வி பயிலும் நம் மாணவர் நாளை இத்தகைய ஆக்கங்களை இயற்றுவர் என நம்புகின்றேன். அவர்கள் நிலத்தையும் கருவையும் வரைந்தபின், உரிப்பொருள் யாதெனத் தம்மைத் தாமே வினவிக்கொள்வாராக.