மூச்சு விடும் பூச்சாண்டி

ஜான் கார்பென்டரின் 'ஹாலோவீன்' (1978) படத்தின் கடைசிச் சண்டை. கொலைகாரன் மைக்கேல் மையர்ஸ் நாயகி லோரியின் கழுத்தை நெரித்துக்கொண்டிருக்கிறான். திணறும் அவள் கை எதையோ பற்றி இழுக்க, முகமூடி கழன்று வருகிறது. உள்ளே இளைஞன் ஒருவனின் முகம். கோரமோ விகாரமோ இல்லை. சற்று முன் லோரி ஹேங்கர் கம்பியால் குத்திய கண் மட்டும் காயப்பட்டிருக்கிறது. அப்போது அவன் செய்கிற காரியம் எனக்கு இந்தப் படத்திலேயே மிகப் பிடித்தது. கொலையை நிறுத்திவிட்டு முகமூடியை எடுத்து மாட்டிக்கொள்கிறான். அவள் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கிறாள். இருந்தும் முகத்தை மூடுவதுதான் அவனுக்கு அவசரமாக இருக்கிறது. அந்தச் சில நொடிகளில்தான் அவனுடைய மனநல மருத்துவர் டாக்டர் லூமிஸ் சுடுகிறார்.

இவன் மனிதனா, மனித உடம்பில் புகுந்த தீமையா என்ற வாதம் படம் வந்த நாளிலிருந்து ஓயவில்லை. இரு தரப்பும் இந்தக் காட்சியைச் சாட்சிக்கு அழைக்கலாம். முகம் தெரிந்ததும் பதறி மறைப்பது மனிதக் கூச்சம். ஆனால் முகமூடி இல்லாமல் அவனால் கொலையைத் தொடர முடியவில்லையே, அப்படியானால் கொல்வது யார்? நடிகர் பட்டியலைப் பாருங்கள். மைக்கேலாக ஆறு வயதில் வில் சாண்டின், இருபத்து மூன்று வயதில் டோனி மோரன். மோரன் தெரிவது முகமூடி கழன்ற அந்தக் கணத்தில் மட்டும். படம் முழுக்க முகமூடியோடு நடமாடும் நிக் காஸிலின் பாத்திரத்துக்கு மைக்கேல் என்ற பெயரே தரப்படவில்லை. 'உருவம்' என்ற பொருளில் ஒற்றைச் சொல்தான். முகத்துக்குப் பெயர் உண்டு, முகமூடிக்குக் கிடையாது.

அந்த முகமூடி பிறந்த கதையும் இதே கேள்விக்குள்தான் போய் நிற்கிறது. மூன்று லட்சம் டாலர் சொச்சத்தில் எடுத்த படம். கலை இயக்குநர் டாமி லீ வாலஸ் கடையில் இரண்டு டாலருக்கும் குறைவாக ஒரு ரப்பர் முகமூடி வாங்கினார். 'ஸ்டார் டிரெக்' தொடரின் கேப்டன் கிர்க், அதாவது நடிகர் வில்லியம் ஷாட்னரின் முகம். புருவத்தை எடுத்தார், கண் துளைகளைப் பெரிதாக்கினார், வெள்ளைச் சாயம் அடித்தார். பேய் முகமூடி வாங்கி மாட்டியிருந்தால் இந்த அச்சம் பிறந்திருக்காது. அடியில் இருப்பது ஒரு மனித முகம். மனிதனைக் காட்டும் அடையாளங்கள் மட்டும் ஒவ்வொன்றாகக் களையப்பட்டிருக்கின்றன. நம் கண் அதில் ஓர் உணர்ச்சியைத் தேடிக்கொண்டே இருக்கிறது, தேடித் தேடித் தோற்கிறது.

ஒளிப்பதிவாளர் டீன் கண்டி இந்த வெண்மையைக் கையாண்ட விதம் தனி. தோழர்களின் பிணங்களைக் கண்ட லோரி சுவரில் சாய்ந்து விம்முகிறாள். பக்கத்தில் ஓர் இருண்ட வாசல். அந்த இருட்டில் வெள்ளை முகம் மெல்ல, மிக மெல்லத் தெளிகிறது. சின்ன விளக்கு ஒன்றை டிம்மரில் கொஞ்சங்கொஞ்சமாக ஏற்றியிருக்கிறார், அவ்வளவுதான். ஆனால் பார்ப்பவருக்கு, அவன் வந்து நின்றதாகத் தோன்றுவதில்லை. முதலிலிருந்தே அங்கே இருந்தான், நம் கண்தான் இப்போது பழகிக்கொண்டது என்று தோன்றுகிறது. இருட்டே முகமெடுத்துக்கொண்டது என்று சொன்னாலும் மறுக்க முடியாது.

இவ்வளவு பார்த்த பிறகு 'பேய்தான்' என்று முடிவு கட்டப் போனால், படுக்கை விரிப்புக் காட்சி வழி மறிக்கிறது. பாப் என்ற இளைஞனைக் கத்தியால் சுவரோடு குத்தித் தொங்கவிட்டு, தலையை இப்படியும் அப்படியும் சாய்த்து அவனையே பார்த்துக்கொண்டு நிற்கிறான். பிறகு பாப்பின் காதலி லிண்டாவின் அறை வாசலில் வெள்ளை விரிப்பைப் போர்த்திக்கொண்டு, விரிப்பின் மேல் பாப்பின் மூக்குக் கண்ணாடியையும் மாட்டிக்கொண்டு நிற்கிறான். லிண்டா காதலன் விளையாடுகிறான் என்று நினைத்துச் சிரிக்கிறாள். அந்தக் கண்ணாடியைத்தான் நான் வியக்கிறேன். அவளைக் கொல்ல அது தேவையே இல்லை. ஒருத்தி என்ன நினைப்பாள் என்று ஊகித்து, அதற்கேற்ப வேடம் கட்டும் மனம் உள்ளே இருக்கிறது. ஆறு வயதில் தான் கொன்ற அக்கா ஜூடித்தின் கல்லறைக் கல்லைப் பெயர்த்துவந்து, லோரியின் தோழி ஆனியின் பிணத்தைக் கிடத்திய கட்டிலின் தலைமாட்டில் நிறுத்திவைப்பதும் அப்படித்தான். உள்ளே ஒரு ரசனை இருக்கிறது, அதுதான் குலை நடுங்கவைக்கிறது.

டாக்டரைப் படைத்ததிலும் ஒரு நுட்பம். நோய் என்று பேச வேண்டியவர் மருத்துவர். டொனால்ட் பிளெசன்ஸின் லூமிஸோ, எட்டு வருடம் இவன் மனதை எட்ட முயன்றேன், அடுத்த ஏழு வருடம் வெளியே விடாமல் பூட்டிவைக்கப் பாடுபட்டேன் என்கிறார். பாதிரியாரைப் போலத் தீமை என்ற சொல்லை எடுக்கிறார். இன்னொரு பக்கம், லோரியின் வகுப்பில் விதியைப் பற்றிப் பாடம். விதி மதத்தோடு சேர்ந்தது என்கிறார் ஒருவர், மண், காற்று, நீர், நெருப்பு போல இயற்கைப் பொருள் என்கிறார் இன்னொருவர் என்று அவள் பதில் சொல்கிறாள். ஜன்னலுக்கு வெளியே, தெருவுக்கு அந்தப் பக்கம், காரருகே அவன் நிற்கிறான். பதில் சொல்லிவிட்டுத் திரும்பினால் இல்லை. படத்தின் முழுக் கேள்வியும் ஒரு பள்ளிக்கூடப் பாடமாக நம் முன்னால் வைக்கப்பட்டு, கவனிப்பதற்குள் கடந்துபோகிறது. கார்பென்டரே அமைத்த பியானோ இசை ஐந்து எண்ணிக்கையில் ஓடுவதையும் சொல்ல வேண்டும். இரண்டு காலால் நடப்பவனின் அடிக்கு அந்தக் கணக்கு ஒத்துவருவதே இல்லை.

எல்லாவற்றுக்கும் மேல், மூச்சு. அவன் ஒரு வார்த்தை பேசுவதில்லை. தொடக்கத்தில், ஆறு வயதில் கோமாளி முகமூடியை மாட்டிக்கொண்டு அக்காவின் அறைக்குள் நுழையும்போது காட்சி இரு துளைகளாகக் குறுகுகிறது, கூடவே மூச்சு கேட்கத் தொடங்குகிறது. லிண்டாவைக் கொன்றபின் தொலைபேசியில் லோரிக்குக் கேட்பதும் அதுவே. ரப்பருக்குள் அடைபட்ட, கனத்த, உயிருள்ள மூச்சு. அவனிடம் மிச்சமிருக்கும் மனித அடையாளம் இது ஒன்றுதான்.

கடைசியில் ஆறு குண்டுகள். பால்கனியிலிருந்து புல்தரையில் விழுகிறான். அது பூச்சாண்டிதானா என்று லோரி கேட்கிறாள். ஆமாம், அதேதான் என்கிறார் லூமிஸ். எட்டிப் பார்க்கிறார்: தரையில் யாரும் இல்லை. பிளெசன்ஸ் இதை இரண்டு விதமாக நடித்துக்கொடுத்தாராம், ஒன்று திகைப்பு, இன்னொன்று 'எனக்குத் தெரியும்' என்ற பார்வை. கார்பென்டர் இரண்டாவதை எடுத்துக்கொண்டார். பிறகு காலி அறைகள், மாடிப்படி, வீடுகளின் முகப்புகள் ஒவ்வொன்றாக வருகின்றன, எங்கும் அந்த மூச்சு. அவனை மனிதன் என்று காட்டிக்கொடுத்த ஒரே அடையாளம் உடம்பை விட்டுப் பிரிந்து ஊர் முழுக்கப் பரவுகிறது. மனிதனுக்கும் பேய்க்கும் நடுவே கோடு கிழிக்க நமக்கு இருந்த ஒரே கருவியை இயக்குநர் பிடுங்கிக்கொண்டார்.

பின்னால் வந்த படங்களுக்கு இந்தப் பொறுமை இல்லை. 1981-ல் வந்த இரண்டாம் பாகம் லோரியை அவன் தங்கையாக்கியது. எழுதிய கார்பென்டரே பின்னாளில் அதற்காக வருந்தினார். 1995-ல் வந்த பாகத்தில் அவன் கொலைகளுக்கு ஒரு மறைகுழுவின் சாபம் காரணமாயிற்று. 2007-ல் ராப் ஜோம்பி அவனுக்கு ஒரு கொடிய குழந்தைப் பருவத்தைக் கொடுத்தார். சாபம் சொன்னவர்கள் அவனைப் பேயாகவும் குழந்தைப் பருவம் சொன்னவர் நோயாளியாகவும் ஆக்கிவிட்டார்கள். இரண்டிலும் அவன் சிறுத்துப்போனான். 2018-ல் டேவிட் கார்டன் கிரீன், அந்தத் தங்கை உறவு யாரோ கட்டிவிட்ட கதை என்று லோரியின் பேத்தி வாயாலேயே சொல்லவைத்தார். அந்த ஒரு வசனத்துக்காகவே அந்தப் படத்தின் மற்ற குறைகளை நான் பொறுத்துக்கொள்வேன்.