கத்தியா, ஊசியா?

ஆண் பன்றிக்குட்டியைச் சிறு வயதிலேயே காயடித்துவிட்டால் அதற்கு வலி தெரியாது என்று வளர்ப்போர் சொல்வதுண்டு. ‘கத்தியே வேண்டாம்; தடுப்பூசி போதும்’ என்பது வெளிநாடுகளிலிருந்து வரும் மறுகுரல். இவ்விரு கூற்றுகளையும் உரசிப் பார்ப்போம்.

காயடிப்பது ஏன்? வளர்ந்த ஆண் பன்றியின் கொழுப்பில் ஆண்ட்ரோஸ்டினோன், ஸ்கேட்டோல் என்னும் இரு பொருள்கள் சேர்கின்றன. முன்னது விதையில் உண்டாவது. பின்னது குடல் நுண்ணுயிர்களின் வேலை. கறி வேகும்போது இவை நாறும். வெள்ளாட்டுக் கிடாவின் மொச்சை வாடையை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

வலி தெரியாது என்பது சரியா? பிடித்துத் தூக்கினாலே குட்டி கத்துமே என்பார்கள். உண்மைதான். ஆனால் 1990-களில் கனடா நாட்டு ஆய்வாளர்கள் அக்கதறலைப் பதிவு செய்து ஆராய்ந்தனர். வெறுமனே பிடிக்கப்பட்ட குட்டிகளைவிட, அறுக்கப்பட்ட குட்டிகள் 1000 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட அதிர்வெண்ணில் அதிக முறை அலறின. ஆகவே முதற்கூற்று பிழை.

இனி, ஊசி. மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதி சுரக்கும் ஓர் இயக்குநீரே விதையை இயக்கும் முதல் கட்டளை. 10 அமினோ அமிலங்களால் ஆன இதன் அமைப்பை 1971-இல் ஷாலி குழுவினர் கண்டறிந்தது பன்றி மூளைகளிலிருந்துதான்! ஷாலிக்கு 1977-இல் நோபல் பரிசு கிடைத்தது. இவ்வியக்குநீரைப் போன்ற பொருளை ஓர் அயற்புரதத்துடன் இணைத்துச் செலுத்தினால், உடல் அதற்கு எதிர்ப்பொருளை உண்டாக்குகிறது. கட்டளை தடைப்பட, விதை ஓய்கிறது. 1998-இல் ஆஸ்திரேலியாவிலும் 2009-இல் ஐரோப்பிய ஒன்றியத்திலும் இவ்வூசி அனுமதி பெற்றது. கறியில் ஹார்மோன் கலக்கும் என்னும் அச்சம் வேண்டாம். இது ஹார்மோன் ஊசியன்று.

எனினும் குறைகள் உண்டு. முதல் ஊசி உடலைத் தயார் செய்ய மட்டுமே. குறைந்தது 4 வாரம் கழித்து, வெட்டுவதற்கு 4 முதல் 6 வாரத்துக்கு முன் போடும் இரண்டாம் ஊசியே வேலை செய்யும். மருந்தை 2 முதல் 8 டிகிரி செல்சியஸில் காக்க வேண்டும். தவறிப் போடுபவர் கையில் பாய்ந்தால் அவரது இனப்பெருக்கத் திறனும் பாதிக்கப்படலாம். மாமல்லபுரம் கரையோரம் உணவு விடுதி மிச்சத்தைக் கொண்டு நாலைந்து பன்றி வளர்ப்பவரை எண்ணிப் பாருங்கள். பணம் தேவைப்படும் நாளில் அவர் விற்பார். ஊசியின் கணக்கு அதற்குக் காத்திராது.

ஊசி என்றாலே நம்பிவிடலாகாது என்பதை அன்றைய செங்கல்பட்டு மாவட்டமே உலகுக்கு உணர்த்தியது. 1968-இல் அங்கு தொடங்கிய பி.சி.ஜி. சோதனை, பெரியவர்களின் நுரையீரல் காசநோயை அவ்வூசி தடுக்கவில்லை என்று காட்டியது. குழந்தைகளைத் தாக்கும் கடுங்காசநோய்களுக்கு அது இன்றும் பயன்படுகிறது. எது எங்கே பயன்படும் என்பதைச் சோதனையே சொல்லும்.

அத்தகைய சோதனைக்குரிய இடம் செங்கல்பட்டு மாவட்டத்திலேயே உள்ளது. காட்டுப்பாக்கத்தில் கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் பன்றிகளை வளர்த்து ஆராய்கிறது. நம் வெயிலிலும், நம் தீவனத்திலும், சிறு வளர்ப்போர் கொட்டிலிலும் இவ்வூசி பயன்படுமா, செலவு கட்டுமா என்று அங்கு ஆராயலாம்.

அதுவரை குட்டிகள் துடிக்க வேண்டுமா? வேண்டியதில்லை. சுவிட்சர்லாந்து 2010 முதலும் ஜெர்மனி 2021 முதலும் மயக்க மருந்தின்றிக் காயடிப்பதைத் தடை செய்துள்ளன. கால்நடை மருத்துவரைக் கொண்டு, உணர்விழக்கச் செய்த பின் அறுப்பது நம்மாலும் இயலும். ஊசி வரும்வரை காத்திராமல் இன்றே செய்யக்கூடியது அது.